வில்லும் வில் செய்தோரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வில் என்றவுடன் மிதிலையில் இராமன் ஒடித்த வில்லும், அருச்சுனன் கையில் இருந்த காண்டீபமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் பொருநை பாயும் நம் சீமையில் அம்பே எய்யாத ஒரு வில் உண்டு. அது யாரையும் கொன்றதில்லை. கொல்லப்பட்டவர்களின் கதையைத்தான் சொல்லும். பங்குனி தொடங்கி ஆடி முடிய, சுடலைமாடன் கோவிலிலும் இசக்கியம்மன் கோவிலிலும் முத்தாரம்மன் கோவிலிலும் கொடை நடக்கும் இரவுகளில், பந்தலின் கீழ் மணி குலுங்க ஒலிக்கும் வில்லுப்பாட்டு வில்லையே கூறுகிறேன்.

இக்கலையைப் பாடிப் புகழ் பெற்றோரை நாடறியும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கோவில் பந்தலிலிருந்த வில்லை நகர மேடைக்குக் கொண்டு வந்தார். நெல்லைச் சீமையில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதனை வானொலிக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்று, 2022இல் மறைந்தார். பெண்கள் வில்லின் முன் அமர்வது அரிதாயிருந்த காலத்திலேயே அமர்ந்து பாடிய குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் 2018இல் மறைந்தார். அமெரிக்க அறிஞர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் இக்கலையை நேரில் வந்து ஆராய்ந்து 1988இல் ஆங்கிலத்தில் நூலே வெளியிட்டார். பாடியவரைப் பற்றி எழுத ஆள் உண்டு. பாடிய கதைகளைப் பற்றி எழுதவும் ஆள் உண்டு. அந்த வில்லைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார், ஒருவர் செய்த வில்லுக்கும் இன்னொருவர் செய்த வில்லுக்கும் என்ன வேறுபாடு என்று எழுதியோர் மிகக் குறைவு. அதனை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் வில்லுப்பாட்டுக் குழு ஒன்றில் குடம் அடிப்பவர். பத்து ஆண்டுகளாக நானும் அக்குழுவுடன் சென்று தாளம் போட்டு வருகிறேன். இக்காலத்தில் நான்கு வில்களின் அருகில் அமர்ந்து விடிய விடியக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான்கும் நான்கு கைவினைஞர்களின் படைப்புகள். கல்லூரியில் இயற்பியல் படிக்க வந்த பின்னர், காதால் அறிந்ததை அளவுகோலால் அறியவும் முயன்றேன்.

வில்லின் அமைப்பு

வில்லுப்பாட்டைக் கண்டிராத நண்பர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஏறக்குறைய ஓர் ஆளின் உயரத்தை விடவும் நீளமான வில், வளைவு கீழாகவும் நாண் மேலாகவும் தரைக்கு இணையாகக் கிடக்கும். அதன் நடுப்பகுதி ஒரு மண்குடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடம் உருளாமல் இருக்க அடியில் வைக்கோல் புரிமணை. வில்தண்டில் வரிசையாக வெண்கல மணிகள் தொங்கும். பாட்டை நடத்தும் அண்ணாவியார் இரு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணை அடிப்பார். குடக்காரர் பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயை அடித்துக் கும்மென்ற ஒலியை எழுப்புவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் ஒலிக்கும்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். வீணையின் தந்தியைப் போல இந்த நாண் சுரம் தருவதற்காகக் கட்டப்பட்டதன்று. வீசுகோல் நாணில் பட்டதும் அதன் அதிர்வு வில்தண்டுக்குச் செல்கிறது, தண்டு குலுங்குகிறது, தண்டு குலுங்க மணிகள் ஒலிக்கின்றன. எனவே நாணின் அதிர்வை மணிகளுக்கு எடுத்துச் செல்வதே வில்தண்டின் தலையாய வேலை. எவ்வளவு எளிதில் அது குலுங்குகிறது, குலுங்கிய பின் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கான விடையே ஒரு வில்லின் தரம்.

போர்வில்லும் பாட்டுவில்லும் மாறுபடும் இடம் இதுவே. ஒலிம்பிக் பந்தயத்தில் பயன்படும் ரிகர்வ் வில்லை எடுத்துக்கொள்வோம். நுனிகள் எதிர்ப்புறமாக வளைந்த வில் அது. நாணை இழுக்கும்போது அதில் சேரும் ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போய்விட வேண்டும். வில்லில் மிஞ்சி நின்று அதிரும் ஆற்றல் வீணே. ஆதலால் அந்த அதிர்வை அடக்குவதற்கென்றே தனி உறுப்புகளைப் பொருத்துகிறார்கள். பாட்டுவில்லிலோ அம்பு இல்லை. வேட்டைக்காரன் வீண் என்று ஒதுக்கும் அந்த மிச்ச அதிர்வுதான் நமக்குப் பாட்டு.

முதல் வில்: தேரிக்காட்டுப் பனை

எங்கள் குழுவின் பழைய வில், உடன்குடிக்கு அருகே தேரிக்காட்டை ஒட்டிய ஊரில் வாழ்ந்த ஒரு தச்சர் செய்தது. என் தந்தையாரின் ஆசிரியரான அண்ணாவியார் செய்வித்தது. வயது ஐம்பதுக்கு மேல். பனை வைரத்தால் ஆனது.

தேக்கு, வேம்பு முதலிய மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். பனையிலோ அது தலைகீழ். பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு ஆண்டு வளையங்கள் கிடையா. கறுத்த, கடினமான நார்க்கற்றைகள் தண்டின் வெளிப்புறத்திலேயே நெருங்கி இருக்கும்; உள்ளே செல்லச் செல்ல வெறும் சோறுதான். முதிர்ந்த பனையின் வெளிப்புறத்தில் கிடைக்கும் சில அங்குல வைரத்தில்தான் வில் செய்ய முடியும். அத்தச்சர் மரத்தின் வெளிமுகத்தையே வில்லின் வெளிவளைவாக வைத்திருக்கிறார். வளையும்போது இழுபடும் பக்கம் அதுவே. அங்கு நார்கள் நீளவாக்கில் அறுபடாமல் ஒரு நுனி முதல் மறுநுனி வரை ஓடுகின்றன.

வெர்னியர் அளவியால் அவ்வில்லை அளந்து பார்த்தேன். நீளம் 8 அடி 2 அங்குலம். நடுவில் கனம் 32 மில்லிமீட்டர். நுனியிலிருந்து ஓரடி தள்ளி 19 மில்லிமீட்டர். ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது நாம் வகுப்பில் படித்ததே. அவ்வாறு கணக்கிட்டால், நுனிப்பகுதியின் விறைப்பு நடுப்பகுதியின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே வில் முழுவதும் சீராக வளைகிறது. நுனிகள் மெல்லிய அடிக்கும் குலுங்குகின்றன. அத்தச்சர் மும்மடிக் கணக்கை அறிந்தவரல்லர். ஆனால் அவருடைய இழைப்புளி அதனை அறிந்திருந்தது.

குடத்தைக் கழற்றிவிட்டு, நாணை ஒரே இடத்தில் ஒருமுறை அடித்து, மணி ஒலி அடங்கும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் பலமுறை அளந்தேன். இவ்வில்லில் அது ஏறக்குறைய ஒன்றரை நொடி. அண்ணாவியார் ஓர் அடி பாடி, அடுத்த அடி எடுப்பதற்குள் மணி அடங்கிவிடுகிறது. சொல் தெளிவாகக் காதில் விழுகிறது.

இரண்டாம் வில்: பழைய வீட்டுப் பனங்கை

இரண்டாவது வில், அண்டை ஊர்க் குழுவுடையது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து இளந்தச்சர் ஒருவர் செய்தது. இடித்த ஓட்டு வீட்டின் பனங்கையை வாங்கி அதிலிருந்து வில்லை எடுத்திருக்கிறார். இது நல்ல யோசனையே. கூரையில் பல்லாண்டு கிடந்து காய்ந்த பனங்கை இனி முறுக்கிக் கொள்ளாது. மேலும், பனை நம் மாநில மரம். அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நிற்கும் மரத்தைத் தொடாமல் கிடைக்கும் வைரம் இது.

ஆனால் அவ்வில் நடுவில் 30 மில்லிமீட்டர், நுனிப்பக்கம் 28 மில்லிமீட்டர். பார்வைக்குக் கடைந்தெடுத்தது போல அழகாக இருக்கும். விறைப்பைக் கணக்கிட்டால் நுனி நடுவின் ஐந்தில் நான்கு பங்கு. நுனிகள் குலுங்க மறுக்கின்றன. வீசுகோலை ஓங்கி அடித்தால்தான் மணி பேசும். நள்ளிரவுக்குள் பாடுபவரின் தோள் சோர்ந்துவிடும்.

மூன்றாம் வில்: மூங்கில்

மூன்றாவது, மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து வந்த மூங்கில் வில். செய்தவர் கூடை முடையும் தொழிலாளி. இதன் சிறப்பு எடைக் குறைவு. ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்திற்கு நடந்துவிடலாம். சிறு அடிக்கும் குலுங்கும். ஒரு நொடியில் அடங்கும். பள்ளி விழாவிலும் சுகாதாரப் பிரசார மேடையிலும் ஒரு மணி நேரம் பாடுவதற்கு இதைவிட ஏற்றது இல்லை. ஆயினும் நாண் ஏற்றியபடியே பல இரவுகள் கிடந்தால் மூங்கில் அந்த வளைவிலேயே நின்றுவிடுகிறது. திரும்பி நிமிரும் வலு குறைகிறது. வலு குறைய நாணின் இழுவிசை குறைகிறது. இரண்டு கொடைப் பருவத்திற்குள் நாணைப் பலமுறை இறுக்க வேண்டியதாயிற்று.

நான்காம் வில்: துறைமுக நகரத்து எஃகு

நான்காவது, தூத்துக்குடியில் லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறை ஒன்றில் செய்தது. துறைமுகத்திற்கு வரும் லாரிகளின் பழைய வில்பட்டை எஃகைக் காய்ச்சி, அடித்து, இரு துண்டுகளாக்கி, நடுவில் திருகாணியால் இணைத்திருக்கிறார்கள். கழற்றி வேனில் வைத்துக்கொள்ளலாம். வளைவு மாறாது, கறையான் அரிக்காது. கடற்காற்றின் உப்புக்கு மட்டும் அஞ்சி, ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டும்.

இதன் குறை ஒலியில்தான் தெரிந்தது. எஃகின் யங் குணகம் மரத்தினதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதன் உள்தணிவோ மிகக் குறைவு. ஒருமுறை அடித்தால் மணி அடங்க ஏறக்குறைய நான்கு நொடி ஆயிற்று. ஓர் அடியின் மணியொலி அடங்குமுன் அடுத்த அடி வந்து அதன் மேல் விழுகிறது. முதன்முதலாக அவ்வில்லைக் கொண்டு பாடிய இரவில், முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "ஏ தம்பி, மணிதான் கேக்கு, கதை கேக்கலியே!" என்று சொல்லிவிட்டார். எந்த நூலிலும் இதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் படித்ததில்லை. ஆனால் ஒன்றையும் மறைக்கலாகாது. கதை உச்சத்தை அடைந்து சாமியாட்டம் தொடங்கும் வேளையில், சொல்லைவிட ஒலியே வேண்டும். அப்போது எஃகு வில் பந்தலையே அதிர வைத்தது. பழைய வில்லுக்கு அந்த ஆற்றல் இல்லை.

எஃகா, மரமா என்னும் வழக்கு நம் நாட்டிற்குப் புதிதன்று. முகலாயர் காலத்தில் மரம், எருமைக் கொம்பு, விலங்கின் நரம்பு ஆகியவற்றைப் பசையால் ஒட்டிச் செய்த வில்லே உயர்ந்ததாகக் கருதப்பட்டது. ஆனால் மழைக்கால ஈரத்தில் அந்தப் பசை இளகும். அதனால் இந்தியக் கொல்லர்கள் முழுவதும் எஃகாலேயே வில் செய்தனர். அத்தகைய வில்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. எய்யும் வேகத்தில் அவை ஒட்டுவில்லுக்கு ஈடாகா; ஆனால் ஆயுதச் சாலையில் ஆண்டுக்கணக்கில் தொங்கினாலும் வேண்டும்போது கைகொடுக்கும். எங்கள் ஊர் வேனில் ஏறும் எஃகு வில்லுக்கும் அதே நியாயம்தான்.

நாணும் மணியும் குடமும்

தச்சரையும் கொல்லரையும் மட்டும் ஒப்பிட்டால் ஒப்பீடு நிறைவு பெறாது. வில் ஒருவர் படைப்பன்று. நாணைத் தோல் தொழிலாளி முறுக்கித் தர வேண்டும். மணியைக் கன்னார் வார்க்க வேண்டும். குடத்தை வேளார் வனைய வேண்டும்.

நாணின் அதிர்வெண் அதன் நீளத்தையும், இழுவிசையையும், ஓரலகு நீளத்தின் நிறையையும் பொறுத்தது என்பதைச் சுரமானிச் சோதனையில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தோல் நாணில் ஈரம் ஏறினால் இழுவிசை தளரும். கடற்கரை ஊர்களில் நடுநிசிக்குப் பின் பனிக்காற்று இறங்கும்போது, "நாண் தளந்துட்டு" என்று என் தந்தையார் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். சில குழுக்கள் மீன்பிடித் துறையில் விற்கும் நைலான் கயிற்றைக் கட்டுகின்றன. அது ஈரத்திற்கு அசையாது. ஆனால் எடை குறைந்த கயிறாதலால் வீசுகோல் பட்டுத் துள்ளுகிறது. தோல் நாணின் கனத்த அடி தண்டிற்குச் செல்வதில்லை. நல்ல தோல் நாண் முறுக்கத் தெரிந்தவர் எங்கள் வட்டாரத்தில் ஒருவரே இருக்கிறார்.

இங்கு முத்துப்பட்டன் கதையை நினைத்துப் பார்க்கிறேன். உயர்குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்னும் சக்கிலியர் குலத்துச் சகோதரியரை மணப்பதற்காகத் தன் குலத்தைத் துறந்து, தோல் தொழிலைக் கற்றுச் செருப்புத் தைத்தவன். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக வழிபடப்படும் அவனுக்கு இன்றும் செருப்பையே காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அக்கதையை விடியும்வரை பாடுகிறோம். கேட்டவர் கண்ணீர் விடுகின்றனர். அந்தக் கதையைத் தாங்கி நிற்கும் நாணை முறுக்கியவரோ, பந்தலின் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார். பாட்டின் தொடக்கத்தில் காப்புப் பாடுகிறோம், குருவடி பாடுகிறோம், அவையடக்கம் பாடுகிறோம். வில் செய்தவருக்கும் நாண் முறுக்கியவருக்கும் அங்கே ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

குடத்தைப் பொறுத்தவரை வாய் சிறுத்து, வயிறு பெருத்திருந்தால் ஒலி கனத்துத் தாழும். உள்ளிருக்கும் காற்று ஒரு சுருள்வில்லாகவும், கழுத்திலுள்ள காற்று அதன் நுனியில் கட்டிய எடையாகவும் அதிர்வதாக இயற்பியல் இதனை விளக்கும். வேளாரோ கடையிலேயே வாயை உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, "இது தண்ணிக்கு, இது பாட்டுக்கு" என்று பிரித்து வைத்துவிடுவார்.

ஒப்பீட்டின் முடிவு

நான்கு வில்களையும் ஒப்பிட்ட பின்னர், பழையது உயர்ந்தது, புதியது தாழ்ந்தது என்றோ, பனை உயர்ந்தது, எஃகு தாழ்ந்தது என்றோ நான் கூறமாட்டேன். வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. தேரிக்காட்டுத் தச்சர் வில்லைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனவரல்லர் என்று என் தந்தையார் கூறுவார். முதல் கொடை இரவில் பந்தலில் அமர்ந்து விடியும்வரை கேட்டாராம். மறுநாள் காலையில் நுனிகளை இன்னும் கொஞ்சம் இழைத்தாராம். இவ்வாறு மூன்று கொடைகள் ஆன பின்னரே வில் முடிந்தது என்றாராம். இரண்டாம் வில்லைச் செய்த இளந்தச்சர் வில்லுப்பாட்டை முழுமையாகக் கேட்டவரல்லர். படத்தைப் பார்த்தே செய்தார். பட்டறைக்காரருக்கும் அதே நிலைதான். அவர்களின் கைத்திறனில் குறை இல்லை. அவர்களைப் பந்தலுக்கு யாரும் அழைக்கவில்லை.

அழைத்துப் பார்த்தோம். பட்டறைக்காரர் ஓர் இரவு வந்து கேட்டார். மறுவாரம் மணிகளின் கொக்கிக்கும் எஃகுக்கும் இடையே சைக்கிள் டியூப்பை வெட்டி வளையங்களாக வைத்தார். குடத்தைக் கட்டும் இடத்தில் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினார். நான்கு நொடியாக இருந்த ஒலி இரண்டரை நொடிக்கு இறங்கியது. இளந்தச்சருக்குப் பழைய வில்லின் அளவுகளை அங்குலம் அங்குலமாக வரைபடத் தாளில் குறித்துக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார். பின்னர் கொடைக்கு வந்து பழைய வில்லையும் கேட்டார். தம்முடைய வில்லின் நுனிகளை மூன்று தவணையாக இழைத்தார். இப்போது மெல்ல அடித்தாலும் அதன் மணி பேசுகிறது. பழைய வில்லுக்கு அது இன்னும் நிகராகவில்லை. தம்பி என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

இம்முயற்சிக்கு அவசரமும் உண்டு. சென்ற ஆடிக் கொடையில் எங்கள் பழைய வில்லின் நடுவில் விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்புக் கண்டது. கம்பி சுற்றி வைத்திருக்கிறோம். நீண்ட நாள் தாங்காது. வரும் பங்குனிக்குள் புதிய வில் வேண்டும். அதனை அந்த இளந்தச்சரிடமே ஒப்படைத்திருக்கிறோம். பனங்கையும் கிடைத்துவிட்டது.

ஒரு தொழிலறிவு பயன்படாமல் போனால் எவ்வளவு விரைவில் மறையும் என்பதற்கு நம் கடற்கரையே சான்று. உலகெங்கும் பேர் பெற்ற நம் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. சிப்பி வளம் குன்றியது. குளித்தவர்கள் சங்கு எடுக்கச் சென்றனர். கடலுக்குள் முத்துச்சிப்பிப் பாரைக் கண்டறிந்த கண்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. வில்லுக்கோ அந்த நிலை இன்னும் வரவில்லை. கொடைகள் நடக்கின்றன, பாடுவோர் இருக்கின்றனர், பனையும் இருக்கிறது. செய்வோரும் பாடுவோரும் ஒரே பந்தலில் அமர்ந்தால் போதும்.

நண்பர்களே, நம் கல்லூரியில் படிக்கும் பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தறியும், படகும், உலையும், சக்கரமும் நம் வீட்டு முற்றத்தில் இருக்கின்றன. வெர்னியர் அளவியை ஆய்வுக்கூடத்து உருளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், நம் பெற்றோர் கையாளும் கருவிகளையும் அளந்து குறித்து வைப்போமாக. அடுத்து அதைச் செய்ய வருபவனுக்கு அந்த ஒரு தாள் உதவும். அதோடு, வந்து கேட்கும்படி அவனைக் கையைப் பிடித்து அழைக்கவும் மறவாதிருப்போமாக.